கட்டணம் ஏறிய பிறகு பிரீபெய்டு பிளான் பார்ப்பது எப்படி? எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்து ஒரு கணக்கு

2024 ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடஃபோன் ஐடியாவும் பிரீபெய்டு கட்டணங்களை ஏற்றின. பேசவும் அவ்வப்போது ஓர் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் போன் வைத்திருப்பவர் ஜியோவில் ₹155 கட்டிக்கொண்டிருந்தார். அது ₹189 ஆனது. மற்ற இரண்டிலும் ₹179 இருந்தது ₹199 ஆனது. 2021 நவம்பர் வரை ஏர்டெல்லில் ₹79 போட்டாலே 28 நாள் ஓட்டலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்றே ஆண்டுகளுக்குள் அடிமட்ட ரீசார்ஜ் இரண்டரை மடங்காகிவிட்டது.

இப்போது முதல்முறையாகத் தானே பிளான் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு இங்கிருந்தே ரீசார்ஜ் போட்டுவிடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எஸ்எம்எஸ் இல்லாத பேக்கை வாங்காதீர்கள், அந்த எஸ்எம்எஸ்ஸுக்காக, தேவையில்லாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதை யாரும் நம்மைத் தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

முதலில் உங்கள் உபயோகத்தைப் பாருங்கள்

பிளான் பட்டியலைத் திறக்கும் முன் போனின் செட்டிங்ஸைத் திறங்கள். மொபைல் டேட்டா கடந்த மாதம் எத்தனை ஜிபி ஓடியது என்று அங்கேயே இருக்கும். வைஃபையில் ஓடியதை இதோடு சேர்க்கக் கூடாது; இரண்டும் தனித்தனியாகத்தான் காட்டும். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். தினம் ஒன்றரை ஜிபி என்று பணம் கட்டிவிட்டு மாதம் முழுக்கச் சேர்த்தே இரண்டு மூன்று ஜிபிதான் செலவாகியிருக்கும்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ். மெசேஜ் ஆப்பில் வந்ததை எண்ண வேண்டாம். வருகிற ஓடிபி, பேங்க் தகவல், விளம்பரம் எதற்கும் உங்கள் பேக்கில் கழிவு இல்லை. நீங்களே அனுப்பியதை மட்டும் பாருங்கள். இப்போதைய பேக்கில் எவ்வளவு மிச்சம், என்று முடிகிறது என்பது நிறுவனத்தின் ஆப்பில் இருக்கும். பட்டன் போன் என்றால் ஜியோவில் 1299-க்கு அழைத்தால் விவரம் எஸ்எம்எஸ்ஸாக வரும். ஏர்டெல்லில் *121#, வோடஃபோன் ஐடியாவில் *199#.

நாள் கணக்கு

28 நாளை ஒரு மாதம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். வருடத்துக்கு 12 ரீசார்ஜ் போதாது, 13 வேண்டும். ₹199 என்றால் 13 முறை போட்டு ₹2,587. அதனால் எந்த பேக்கைப் பார்த்தாலும் விலையை நாட்களால் வகுத்து ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய கணக்கறிவு தேவையில்லை, போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது.

தேதி மாறாமல் மாதாமாதம் போட வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் பிளானும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் குறைந்தது ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். சம்பளத் தேதியோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்ள அது வசதி. ஆனால் அதையும் நாள் கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டே எடுங்கள்.

விலை ஏற்றம் என்பது எப்போதும் விலையில்தான் தெரியும் என்றில்லை. ரூபாய் அப்படியே இருக்கும், 28 நாள் 24 நாளாகிவிடும். அல்லது தினம் 100 எஸ்எம்எஸ் என்றிருந்தது மொத்தமே 300 என்று ஆகிவிடும். அதனால் போன மாதம் போட்ட அதே தொகைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். நாட்களும் எஸ்எம்எஸ் எண்ணிக்கையும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

டேட்டா இல்லாத பேக் என்று ஒன்று உண்டு

நடுவில் ஒரு வழி என்று மேலே சொன்னது இதுதான். 2024 டிசம்பர் 23 தேதியிட்ட விதித் திருத்தத்தில் டிராய், பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ஒரு பேக்காவது எல்லா நிறுவனங்களும் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. சிறப்புக் கட்டண வவுச்சர் எனப்படும் இவ்வகை பேக்குகளின் வேலிடிட்டிக்கு அதுவரை 90 நாளாக இருந்த உச்சவரம்பை 365 நாளாக்கியதும் அதே திருத்தம்தான். 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. முதலில் வைத்த விலையைச் சில நாட்களிலேயே குறைத்தார்கள். குறைத்த பிறகு இருந்த நிலவரம் இது:

ஜியோ: ₹448, 84 நாள், 1,000 எஸ்எம்எஸ். ₹1,748, 336 நாள், 3,600 எஸ்எம்எஸ்.
ஏர்டெல்: ₹469, 84 நாள், 900 எஸ்எம்எஸ். ₹1,849, 365 நாள், 3,600 எஸ்எம்எஸ்.
வோடஃபோன் ஐடியா: ₹470, 84 நாள், 900 எஸ்எம்எஸ். ₹1,849, 365 நாள், 3,600 எஸ்எம்எஸ்.

எல்லாவற்றிலும் பேச்சு அளவில்லாதது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, போடுகிற அன்று ஆப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொள்ள இந்தப் பட்டியல் போதும்.

இதில் எது மலிவு? ஒரு வருடத்துக்குப் பார்த்தால் ஜியோவில் ₹101 குறைவு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இப்போது நாளால் வகுங்கள். 1,748-ஐ 336-ஆல் வகுத்தால் நாளைக்கு ₹5.20. 1,849-ஐ 365-ஆல் வகுத்தால் ₹5.07. ஜியோ விலையிலேயே முழு வருடத்தையும் ஓட்டினால் ஏறக்குறைய ₹1,899 ஆகிறது. அந்த 336 நாள் என்பது 12 முறை 28. வருடத்தில் 29 நாள் வெளியே நிற்கிறது. 84 நாள் பேக்கில் நிலைமை தலைகீழ். ஜியோ நாளைக்கு ₹5.33, ஏர்டெல் ₹5.58, வோடஃபோன் ஐடியா ₹5.60. ஆக, எந்த நிறுவனம் மலிவு என்ற கேள்விக்கே பதில் இல்லை. எத்தனை நாளுக்கு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

இதோடு 2024 ஜூலையின் 28 நாள் பேக்குகளை வைத்துப் பாருங்கள். ஜியோவின் ₹189 நாளைக்கு ₹6.75, மற்ற இரண்டின் ₹199 நாளைக்கு ₹7.11. இவற்றில் 28 நாள் முழுமைக்கும் 2 ஜிபி டேட்டா உண்டு. நாளைக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்து அந்த 2 ஜிபியை வாங்குகிறீர்கள். ரயில் நேரம் பார்க்க, வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வெளியிடத்தில் டேட்டா வேண்டும் என்பவருக்கு அது நியாயமான விலைதான். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது வீண்.

வீட்டில் வைஃபை, வெளியே எப்போதாவது டேட்டா என்பவர்கள் நெடுநாள் பேச்சு பேக்கைப் போட்டுக்கொண்டு, தேவைப்படும் நாளில் சின்ன டேட்டா வவுச்சர் சேர்த்துக்கொள்ளலாம். எந்த வவுச்சர் அந்த பேக்கின் மேல் ஏறும் என்று ஆப்பில் பார்த்துவிட்டுப் போடுங்கள். தினமும் வெளியே வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்த யோசனை ஒத்துவராது. அவர்கள் தினசரி டேட்டா பேக்கையே எடுக்கட்டும். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அளவில்லாத 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளான் வேண்டும் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் ஏன் இவ்வளவு முக்கியம்

இந்தக் காலத்தில் யார் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். நாம் கையால் அனுப்புவது குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நமக்காகப் போன் அனுப்புகிறது. புதுப் போனில் யுபிஐ ஆப்பைத் தொடங்கிப் பாருங்கள். பேங்கில் பதிந்த எண் இந்தப் போனுக்குள்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, மெயின் பேலன்ஸும் பூஜ்யம் என்றால் அந்தத் திரை சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லும். பேங்கில் கோளாறு, ஆப்பில் கோளாறு என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம். எஸ்எம்எஸ் இல்லை என்பது கடைசியாகத்தான் மனதில் வரும்.

பி.எஃப். இருப்பை EPFO-விடம் எஸ்எம்எஸ்ஸில் கேட்பது, ஆதார் எண்ணைப் பூட்டுவது, சில பேங்குகளில் இருப்பு கேட்பது, எல்லாமே வெளியே போகும் எஸ்எம்எஸ்தான். வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கும் இதுதான் வாசல். ஒருகாலத்தில் சில குறைந்த விலை பேக்குகளில் எஸ்எம்எஸ்ஸே கிடையாது. அதனால் மாற நினைத்தாலும் கோரிக்கை அனுப்ப முடியாமல் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் டிராய் தலையிட்டு, எந்த பேக் போட்டிருந்தாலும் போர்ட் (அதே எண்ணோடு நிறுவனம் மாறுவது) கேட்கும் எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

பேக்கில் எஸ்எம்எஸ் இரண்டு விதமாக வரும். தினம் 100 என்றால் நள்ளிரவில் மறுபடி 100 ஆகிவிடும். இன்று மிஞ்சியது நாளைக்குச் சேராது. மொத்தம் 300 அல்லது 900 என்றால் ஒரே நாளில்கூடத் தீர்க்கலாம், ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். 84 நாளைக்கு 900 என்பது நாளைக்குப் பத்துக்கு மேல். சாதாரண வீட்டுக்கு அது தாராளம்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழுக்கு 70தான். அந்த 70-உம் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணப்படுவதில்லை. ‘த்’ என்பதில் த ஒன்று, புள்ளி ஒன்று. ‘கு’ என்பதில் க ஒன்று, உகரக் கொக்கி ஒன்று. சீட்டு பிடிக்கும் ஓர் அக்கா இப்படி அனுப்புகிறார் என்று வையுங்கள்: “இந்த மாதச் சீட்டுப் பணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.” எண்ணிப் பார்த்தால் 67. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. மரியாதைக்காக முன்னால் ‘வணக்கம்’ சேர்த்தால் இடைவெளியோடு 75. இரண்டு எஸ்எம்எஸ் கழியும். இருபது பேருக்கு அனுப்பினால் இருபது அல்ல, நாற்பது. நீண்ட செய்தி எழுதினால் மூன்று, நான்கு என்று போகும். பல போன்களில் தட்டச்சு செய்யும்போதே ஓரத்தில் சின்னதாக எத்தனை எழுத்து மிச்சம், எத்தனையாவது எஸ்எம்எஸ் என்று காட்டும். அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். இப்படி ஆட்களுக்குத் தகவல் அனுப்புகிறவர்களுக்கு மொத்தக் கணக்கு பேக்கைவிடத் தினம் 100 உள்ளதே நல்லது. வியாபார விளம்பரத்தை மட்டும் சொந்த சிம்மிலிருந்து கூட்டமாக அனுப்ப வேண்டாம். புகார் போனால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள்.

அளவு தாண்டினால் என்ன ஆகும்? ஏர்டெல், வோடஃபோன் ஐடியா போன்றவற்றில் நம் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (நமக்குத் தமிழ்நாடு) ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு ₹1, வட்டத்துக்கு வெளியே ₹1.50 மெயின் பேலன்ஸில் கழியும். பேக் போட்டதால் மெயின் பேலன்ஸ் வராது, அது தனி. அதனால் ஒரு ₹10 டாப்-அப் போட்டு வைத்திருப்பது நல்ல பழக்கம். வரியும் சேவைக் கட்டணமும் போக ₹7.47 நிற்கும். நாலைந்து அவசர எஸ்எம்எஸ்ஸுக்கு அது போதும். வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்புவது இந்த பேக் எதிலும் சேராது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பே சரி.

சிக்னல்

இதை நீட்ட வேண்டியதில்லை. எவ்வளவு மலிவான பிளானும் உங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்றால் பயன்படாது. நிறுவனங்களின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது, ஆனால் அது தெருவைத்தான் காட்டும், உங்கள் சமையலறையைக் காட்டாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த சிம் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரை வீட்டுக்குள் நிற்கவைத்துப் பேசிப் பாருங்கள். 2024 ஜூலையில் பிஎஸ்என்எல் கட்டணத்தை ஏற்றாததால் பலர் அங்கே மாறினார்கள். உங்கள் பகுதியில் அதன் 4ஜி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

போடும்போது

எல்லா நிறுவனங்களின் கட்டணங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க டிராய் ஒரு கட்டண இணையதளம் நடத்துகிறது. நம் வட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்; சென்னையும் இப்போது தமிழ்நாடு வட்டத்தில்தான் சேரும். நிறுவனத்தின் சொந்த ஆப்பில் போனால் முதல் திரையில் தினசரி டேட்டா பேக்குகள்தான் கண்ணில் படும். பேச்சு பேக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேரடியாகத் தொகையைத் தட்டினால் சீக்கிரம் கிடைக்கும். பணம் செலுத்தும் பொது ஆப்புகளில் சில நேரம் இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள், சொந்த ஆப்பில் பெரும்பாலும் அது இருக்காது.

கடையில் போட்டால் “மாத பேக் போடுங்கண்ணே” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “ஏர்டெல், 469, 84 நாள்” என்று மூன்றையும் சொல்லுங்கள். தொகை ஒரு ரூபாய் மாறினாலும் வேறு பிளானாகிவிடும். நகர்வதற்கு முன் வந்த எஸ்எம்எஸ்ஸில் நாள் சரியா என்று பாருங்கள்.

கட்டண உயர்வை அறிவிக்கும் நாளுக்கும் அது நடப்புக்கு வரும் நாளுக்கும் இடையே சில நாள் கிடைக்கும். 2024-இல் ஜியோ ஜூன் 27-ஆம் தேதி அறிவித்தது. ஜூலை 3 வரை நேரம் இருந்தது. ஜியோவில் முன்கூட்டியே போட்ட பேக் வரிசையில் நின்று, இருப்பது முடிந்ததும் தொடங்கும் என்பதால் பழைய விலையிலேயே பலர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மற்ற நிறுவனங்களில் அந்த பேக் உடனே தொடங்குமா, வரிசையில் நிற்குமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நிறுவனம் மாற வேண்டுமானால்

PORT என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் ஆதாரோடு புது நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாள், வேறு வட்டத்திலிருந்து என்றால் ஐந்து. இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும். மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி அது.

மாறும்போது மிச்சமிருக்கும் பேக்கும் பேலன்ஸும் போய்விடும். எனவே வருட பேக் போட்ட இரண்டாம் மாதம் மாறாதீர்கள். முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள்.

பேங்குக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்மைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 90 நாள் எந்த உபயோகமும் இல்லையென்றால் எண்ணைத் துண்டிக்கலாம். பேலன்ஸில் ₹20 இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று 2013 முதலே டிராய் விதி இருக்கிறது. இதை நம்பி ரீசார்ஜ் போடாமல் விடாதீர்கள். வேலிடிட்டி முடிந்தால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நின்று ஓடிபி வராது. எண் கைவிட்டுப் போனால் நாளடைவில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் பேங்கிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றியிருக்க வேண்டும்.

ரீசார்ஜ் ஏறவில்லை, கேட்காத சேவைக்குப் பணம் பிடித்துவிட்டார்கள் என்றால் 198-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். காலர் டியூன் போன்ற சேவைகளை நிறுத்த 155223 இருக்கிறது. 198-இல் தீரவில்லை என்றால் அந்தப் புகார் எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.